ராஜினாமாவுக்குப் பின் மூன்றரை ஆண்டுகள்

2024 ஜூலை 2 அன்று எடுக்கப்பட்ட ஒரு வீடியோ இந்தியாவிலும் சமூக வலைதளங்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் நெதர்லாந்தின் பிரதமராக இருந்தவர், புதியவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வருகிறார், சைக்கிளில் ஏறுகிறார், கையசைத்துவிட்டுக் கிளம்புகிறார். கார் வரிசை கிடையாது, மாலை மரியாதை கிடையாது. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். 'இவரல்லவா தலைவர்' என்ற பெருமூச்சோடு பகிர்ந்தார்கள்.

அந்தக் காட்சியில் பொய்யில்லை. மார்க் ருட்டே உண்மையிலேயே எளிமையாக வாழ்பவர். ஆனால் அதே மனிதரின் இன்னொரு சைக்கிள் பயணமும் படமாகியிருக்கிறது. 2021 ஜனவரி 15 அன்று, தன் மூன்றாவது அமைச்சரவையின் ராஜினாமாவை மன்னரிடம் அளிப்பதற்காக, அவர் தி ஹேக் நகரிலுள்ள ஹவுஸ் டென் பாஸ் அரண்மனைக்கு சைக்கிளில்தான் போனார். குழந்தைக் காப்பக உதவித்தொகை விஷயத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அரசே கடனில் தள்ளி நாசமாக்கிவிட்டது என்று நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை சொல்லியிருந்தது. பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதிலிருந்து 61-ஆம் நாள் தேர்தல் முடிந்தபோது அவருடைய கட்சி முன்னைவிட ஓர் இடம் கூடுதலாகப் பெற்றது. ராஜினாமா செய்தவர் அதற்குப் பிறகும் மூன்றரை ஆண்டுகள் பிரதமராகவே இருந்தார்.

அது எப்படி நடந்தது என்பதுதான் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். சாமர்த்தியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், நெதர்லாந்துப் பத்திரிகைகளும் எதுவும் ஒட்டாத வாணலியோடு ஒப்பிட்டு 'டெஃப்லான் மார்க்' என்று பெயர் வைத்திருந்தன. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. எண்ணெய் வாணலியில் மட்டும் இல்லை, அடுப்பங்கரை முழுக்க இருந்தது.

வந்த வழி

1967 பிப்ரவரி 14 அன்று தி ஹேக்கில் பிறந்தவர், ஏழு பிள்ளைகளில் கடைசி. இளம் வயதில் பியானோக் கலைஞராக ஆசைப்பட்டவர், லைடன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். 1988 முதல் 1991 வரை லிபரல் இளைஞர் அமைப்பின் தலைவர். பிறகு பத்தாண்டுகள் யூனிலீவர் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை. ஆட்களைப் பேசிச் சமாளிப்பதைத் தொழிலாகவே செய்த இந்தப் பத்தாண்டுகளை அவருடைய அரசியலிலிருந்து பிரிக்க முடியாது.

2002-இல் சமூகநலத் துறையின் இணை அமைச்சர். அந்தக் காலத்திலேயே பின்னால் வரப்போவதற்கு ஓர் அறிகுறி இருந்தது. 2003-இல் அவருடைய துறை நகராட்சிகளுக்கு ஒரு யோசனை அனுப்பியது: உதவித்தொகை வாங்கும் சோமாலியர்களைத் தனியே சரிபாருங்கள், மோசடி இருக்கலாம். இது இனப் பாகுபாடு என்று 2007-இல் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அவர் கட்சித் தலைவராகவே ஆகியிருந்தார். 2006 மே மாதம், அவருடைய லிபரல் கட்சியான விவிடியின் தலைமைக்கு நடந்த போட்டியில் ரீட்டா வெர்டோங்கை 51 சதவீதம் சொச்சம் வாக்குகளில் வென்றார். அந்தப் போட்டியில் தோற்ற வெர்டோங்குக்கு, அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில், வென்ற ருட்டேயைவிட அதிக விருப்ப வாக்குகள் (கட்சிப் பட்டியலில் ஒருவரைப் பெயர் குறித்துப் போடும் வாக்குகள்) விழுந்தன. கட்சிக்குள்ளேயே இரண்டாம் இடத்தில் இருந்த தலைவர் என்று சொல்லலாம். வெர்டோங்க் 2007-இல் வெளியேற்றப்பட்டார், ருட்டே இருந்தார். இந்த வாக்கியத்தை, பெயரை மட்டும் மாற்றி, இந்தக் கட்டுரையில் இன்னும் பலமுறை எழுத வேண்டியிருக்கும்.

2010 தேர்தலில் விவிடி 31 இடங்கள் பெற்று முதல் கட்சியானது. மொத்தம் 150 இடங்கள் கொண்ட அவை. 31 இடங்களை வைத்துக்கொண்டு பிரதமராவது நமக்கு விசித்திரமாகப் படும். அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாங்கிய வாக்கின் விகிதத்துக்கு இடம் கிடைக்கும். 150-இல் ஒரு பங்கு வாக்கு, அதாவது 0.67 சதவீதம் வாங்கினாலே அவைக்குள் நுழைந்துவிடலாம். ஆகவே எந்தக் கட்சியும் 76-ஐத் தனியாக எட்டுவதில்லை. எல்லா அரசும் கூட்டணி அரசு. பிரதமர் என்பவர் சமமானவர்களில் முதல்வர், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் நீடிப்பவர், எல்லோருடனும் கூட்டுச் சேரக்கூடியவர். ருட்டே 2010-இல் தீவிர வலதுசாரித் தலைவர் கீர்ட் வில்டர்ஸின் வெளியாதரவோடு ஆண்டார். 2012 ஏப்ரலில் வில்டர்ஸ் காலை வாரியதும் தேர்தலுக்குப் போய், 41 இடங்களோடு திரும்பி, பிரசாரத்தில் வறுத்தெடுத்த தொழிலாளர் கட்சியோடு சேர்ந்து முழுக் காலமும் ஆண்டார். உழைப்பவர் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் யூரோ, கிரேக்கத்துக்கு இனி ஒரு காசுகூடக் கிடையாது என்ற அந்தத் தேர்தலின் இரண்டு வாக்குறுதிகளும் காற்றோடு போயின. 2017-இல் விவிடி, டி66, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, கிறிஸ்தவ ஒன்றியம் என நான்கு கட்சிகளைச் சேர்த்து, சரியாக 76 இடங்களோடு மூன்றாவது அமைச்சரவை அமைந்தது. 2013-இல் ஓர் உரையில் அவரே சொன்னார்: தொலைநோக்கு என்பது பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும் யானை போன்றது. நேர்மையான வாக்குமூலம் என்றே இதை எடுத்துக்கொள்கிறேன். அவருக்குக் கொள்கைத் தீவிரம் இல்லை, அடுத்த வாரத்துக்கு என்ன என்பது மட்டுமே இருந்தது.

எண்ணூறு யூரோவும் பன்னிரண்டாயிரமும்

இனி அந்த வழக்கு. நெதர்லாந்தில் வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைக் காப்பகச் செலவில் பெரும்பகுதியை அரசு தருகிறது. 2005-இல் சட்டமாக்கப்பட்ட உதவித்தொகை முறையில், இதை வழங்கும் பொறுப்பு வரித் துறையிடம் கொடுக்கப்பட்டது. இந்த முடிவில்தான் வினையின் விதை இருக்கிறது. வசூலிப்பதற்காகவே உருவான ஒரு துறை, கொடுக்கும் வேலையைச் செய்யத் தொடங்கியது. மாதாமாதம் முன்பணம் போய்விடும், ஆண்டு முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பார்கள்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்கான கற்பனைத் தொகைகள் இவை. ஓராண்டில் அவருக்கு 12,000 யூரோ முன்பணம் வந்திருக்கிறது. காப்பகத்துக்கு அவர் தன் பங்காக 800 யூரோ கட்டியிருக்க வேண்டும். 600 யூரோவுக்குத்தான் ரசீது இருக்கிறது. விடுபட்ட 200 யூரோவுக்கு ஏற்ற அளவில் பிடித்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. 12,000 யூரோவையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பதே வரித் துறை சட்டத்துக்குக் கொடுத்த பொருள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து நோட்டீஸ் வந்தால், கடைநிலைச் சம்பளக்காரரின் தலையில் பல பத்தாயிரம் யூரோ கடன். 'வேண்டுமென்றே செய்தவர் அல்லது படுஅலட்சியமானவர்' என்று முத்திரை விழுந்துவிட்டால் தவணை கேட்கவும் வழியில்லை. சம்பளத்தில் பிடித்தம், மற்ற உதவித்தொகைகளும் அந்தக் கடனுக்கே வரவு, பிறகு ஜப்தி.

மேல்முறையீடு செய்தவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. நிர்வாக வழக்குகளின் உச்ச அமைப்பான அரசு மன்றம், வரித் துறையின் இந்த வியாக்கியானத்தை ஆண்டுக்கணக்கில் ஆமோதித்துக்கொண்டே வந்தது. 2019 அக்டோபரில்தான் தன் நிலையை மாற்றிக்கொண்டது.

இந்தக் கடுமைக்கு ஒரு பின்னணி உண்டு. 2013 ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சிச் செய்தி வந்தது. பல்கேரியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, முகவரி பதிய வைத்து, உதவித்தொகை முன்பணத்தை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பும் கும்பல்கள் இருந்தன. நாடாளுமன்றம் கொதித்தது. இன்று கண்ணீர் வடிக்கும் கட்சிகளில் பல அன்று 'இன்னும் கடுமை, இன்னும் கடுமை' என்று மேசையைத் தட்டியவைதான். மோசடி ஒழிப்புக்கென்று அமைச்சர்கள் குழு ஒன்று அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் பிரதமர் ருட்டே. வரித் துறைக்குள் தனிப் படையும் உருவானது. கும்பல்களைப் பிடிக்கப் போட்ட வலையில் சிக்கியவர்கள் காப்பகத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிய தாய்மார்கள்.

எந்தத் தாய்மார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்தானவர் யார் என்று தரம்பிரித்த கணினி முறையில், நெதர்லாந்துக் குடியுரிமை இருக்கிறதா இல்லையா என்பதும் ஓர் அளவுகோல். இரட்டைக் குடியுரிமை உடையவர்கள் என்று சுமார் 14 லட்சம் பேரின் விவரம் 2018-இலும் வரித் துறையின் பதிவுகளில் கிடந்தது. இது சட்டவிரோதம், பாகுபாடு என்று தனியுரிமைக் கண்காணிப்பு ஆணையம் 2020 ஜூலையில் அறிவித்தது. 2003-இல் சோமாலியர்களைத் தனியே சரிபார்க்கச் சொன்ன யோசனையை இங்கே மறுபடி நினைத்துக்கொள்ளலாம்.

2014-இல் ஐந்தோவன் நகரில் ஒரு காப்பக நிறுவனத்தைச் சார்ந்த சுமார் 300 பெற்றோருக்கு ஒரே மூச்சில் உதவித்தொகை நின்றது. விஷயம் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. வழக்கறிஞர் ஒருவர் விடாமல் மனுப்போட்டார். குறைதீர்ப்பாளர் 2017-இலேயே கண்டித்து அறிக்கை கொடுத்தார். அதே 2017 மார்ச்சில் வரித் துறையின் சட்ட ஆலோசகர் சான்ட்ரா பால்மென் தன் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். நாம் செய்தது தவறு, இந்தப் பெற்றோருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குறிப்பு மேசை இழுப்பறைக்குள் போனது. மூன்றரை ஆண்டு கழித்து, 2020 அக்டோபரில்தான் பொதுவெளிக்கு வந்தது.

இடையில் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் எதிர்க்கட்சியான சோஷலிஸ்ட் கட்சியின் ரென்ஸ்கே லெய்டன். இன்னொருவர் ஆளும் கூட்டணியிலேயே இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பீட்டர் ஓம்ட்ஸிக்ட். தன் சொந்த அரசையே கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைத்தவர். டிராவ் நாளிதழும் ஆர்டிஎல் தொலைக்காட்சியும் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தன. பெற்றோர் தங்கள் கோப்பைக் கேட்டபோது கிடைத்தது பக்கம் பக்கமாகக் கறுப்பு மையால் அடிக்கப்பட்ட காகிதம். 2019 டிசம்பரில் அந்தக் கறுப்புப் பக்கங்களின் படம் நாடு முழுக்கப் பரவியது. தன்னைப் பற்றிய கோப்பில் தனக்கே படிக்க எதுவும் இல்லாமல் அடித்துவைத்திருக்கிறார்கள் என்பது எந்த விளக்கமும் வேண்டாத செய்தி. அந்த மாதமே இணை அமைச்சர் மென்னோ ஸ்னெல் விலகினார்.

கிறிஸ் வான் டாம் தலைமையிலான நாடாளுமன்றக் குழு பகிரங்க விசாரணை நடத்தி, 2020 டிசம்பர் 17 அன்று அறிக்கை தந்தது. தலைப்பு, 'இதுவரை காணாத அநீதி'. சட்ட ஆட்சியின் அடிப்படைகளே மீறப்பட்டன என்றது. அமைச்சர்கள், அதிகாரிகள், நீதிபதிகள், சட்டம் இயற்றிய நாடாளுமன்றம் என்று எவரையும் விட்டுவைக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 30,000 யூரோ தருவதாக அரசு அறிவித்தது. அப்போது சுமார் 26,000 பெற்றோர் என்று மதிப்பிட்டார்கள். அங்கீகரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை பின்னால் 40,000-ஐத் தாண்டியது.

விசாரணையின் நடுவே ஒரு சொற்றொடர் வெளிவந்தது. அதிகாரி ஒருவரின் செய்தியில் 'ருட்டே கோட்பாடு' என்று எழுதப்பட்டிருந்தது. அதிகாரிகளுக்குள் நடக்கும் ஆலோசனையை நாடாளுமன்றத்துக்குக் காட்ட வேண்டியதில்லை என்ற வழக்கத்துக்கு உள்ளேயே வைத்திருந்த பெயர் அது. பால்மெனின் குறிப்பு ஏன் அத்தனை காலம் இழுப்பறையில் தூங்கியது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை.

யார் போனார்கள்

2021 ஜனவரி 14: முந்தைய அரசில் சமூகநல அமைச்சராக இருந்த லோடவைக் அஷர் தொழிலாளர் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். ஜனவரி 15: முன்பு வரித் துறையைக் கவனித்த எரிக் வீப்ஸ், அமைச்சர் பதவியை அன்றே விட்டு வீட்டுக்குப் போனார். அமைச்சரவை ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தது. ஆனால் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்த அமைச்சரவை அங்கே எங்கும் போவதில்லை. புதிய அரசு அமையும் வரை காபந்து அரசாகத் தொடரும். கொரோனா உச்சத்தில் இருந்தது, ஒரு வாரத்தில் ஊரடங்கு வந்தது, கலவரமும் வந்தது. நாடு தொலைக்காட்சியில் பார்த்த முகம் ருட்டேயின் முகம்தான். ராஜினாமா செய்த அன்று அவர் வருத்தம் தெரிவித்தபோது சொன்னவற்றில் ஒரு வரியும் குறைசொல்ல இடமில்லாதது. தேர்தலில் கட்சியை வழிநடத்துவேன் என்றும் சொன்னார்.

மார்ச் 17-இல் விவிடிக்கு 34 இடங்கள். வாக்காளர் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது எளிது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் எளியவர்கள், குடியேறி வந்தவர்கள். விவிடிக்கு வாக்களிக்கும் நடுத்தர வர்க்கத்தின் தெருவில் அவர்கள் இல்லை. மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

அடுத்த திருப்பம் எட்டே நாளில். கூட்டணி வாய்ப்புகளைத் துழாவும் பணி இரண்டு தூதுவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. டி66 கட்சியின் காய்சா ஓலோன்க்ரென், விவிடியின் அன்னேமாரி யோரிட்ஸ்மா. மார்ச் 25 காலை ஓலோன்க்ரெனுக்குக் கொரோனா உறுதியானது. அவசரமாக வளாகத்தைவிட்டு வெளியேறினார். கக்கத்தில் காகிதக் கட்டு, எழுத்துப் பக்கம் வெளியே பார்த்தபடி. செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது ஒரு வரி தெளிவாகப் படிக்க வந்தது: 'ஓம்ட்ஸிக்டின் நிலை, வேறிடத்தில் பதவி.'

அரசைத் துளைத்த மனிதரை நாசூக்காக வேறெங்காவது அனுப்பிவிடும் யோசனை, துளைக்கப்பட்டவர்களின் பேச்சுவார்த்தையிலேயே நடந்திருக்கிறது. அப்போது ஓம்ட்ஸிக்ட் சோர்ந்துபோய் ஓய்வில் இருந்தார். தூதுவர்களிடம் அவரைப் பற்றிப் பேசியது நீங்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். இல்லை என்றார் ருட்டே. ஏப்ரல் 1 அன்று பேச்சுவார்த்தைக் குறிப்புகள் வெளியாயின. பேசியவர் ருட்டேதான். ஓம்ட்ஸிக்ட் விஷயத்தில் ஏதாவது செய்ய வேண்டும், அமைச்சராக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

அன்றைய விவாதம் நள்ளிரவைத் தாண்டி நீண்டது. பொய் சொல்லவில்லை, தவறாக நினைவில் வைத்திருந்தேன் என்றார். இது முதல்முறை அல்ல. பங்காதாய வரி ரத்துத் திட்டத்தின் குறிப்புகள் விஷயத்திலும் முன்பு அவருக்கு நினைவு வரவில்லை. ஆண்டுக்குச் சுமார் 140 கோடி யூரோ வருவாயை விட்டுக்கொடுக்கும் திட்டம் அது. 2022-இல் இன்னொன்றும் தெரியவந்தது. பழைய நோக்கியா கைபேசியில் இடம் போதவில்லை என்று குறுஞ்செய்திகளை அன்றாடம் தானே அழித்துவந்தார், எது முக்கியம் என்பதையும் தானே தீர்மானித்தார். கைபேசிக்கும் அதன் சொந்தக்காரருக்கும் ஒரே கோளாறு.

'நம் வழிகள் இங்கே பிரிகின்றன' என்றார் டி66 தலைவர் சிக்ரிட் காக், கூட்டாளியாக இருந்த ருட்டேயைப் பார்த்து. கண்டனத் தீர்மானம் விவிடி தவிர எல்லோருடைய ஆதரவோடும் நிறைவேறியது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் 72-க்கு 77 என்று தோற்றது. இந்த இரண்டு எண்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நான்கு கூட்டணிக் கட்சிகளுக்கும் புதிய அவையில் மொத்தம் 78 இடங்கள். ஓய்விலிருந்த ஓம்ட்ஸிக்டை எடுத்துவிட்டால் 77. கூட்டணி அப்படியே நின்று காப்பாற்றியது, ஓர் ஆள் குறையவில்லை. காக் கண்டித்தார், ஆனால் கவிழ்க்கவில்லை. ருட்டேயைக் கவிழ்த்தால் அடுத்து யாரோடு அரசு அமைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் எவரிடமும் பதில் இல்லை. ருட்டே தலைமையில் இனி அமைச்சரவையில் உட்காரமாட்டோம் என்று இரண்டு நாளில் கிறிஸ்தவ ஒன்றியத்தின் தலைவர் அறிவித்தார். ஏப்ரல் கடைசியில் வெளியான அமைச்சரவைக் குறிப்புகளில் வேறு சங்கதி இருந்தது. 2019-லேயே அமைச்சர்கள் ஓம்ட்ஸிக்டை எப்படி அடக்கி வைப்பது என்று பேசியிருந்தார்கள். அவருடைய சொந்தக் கட்சி அமைச்சரே அதில் ஒருவர். ஆக, கறை எல்லோர் சட்டையிலும் இருந்தது. ஒருவர் சட்டையை மட்டும் கழற்றச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

வாக்களித்து முடிந்து 299 நாட்கள் கழித்து, 2022 ஜனவரி 10 அன்று, புதிய அரசு பதவியேற்றது. அந்த நாட்டிலேயே மிக நீண்ட இழுபறி. வந்தது எந்தக் கூட்டணி? அதே நான்கு கட்சிகள். வழி பிரிந்த காக் நிதி அமைச்சர். உட்காரமாட்டோம் என்ற கிறிஸ்தவ ஒன்றியமும் உட்கார்ந்தது. பிரதமர் ருட்டே. ஆகஸ்டில் ரூட் லுபர்ஸின் சாதனையைத் தாண்டி, நெதர்லாந்து வரலாற்றில் மிக நீண்டகாலப் பிரதமரானார்.

கடைசியில் அவரை இறக்கியது உதவித்தொகை ஊழல் அல்ல, அகதிகளின் குடும்பத்தினர் வருவதற்குக் கட்டுப்பாடு வைப்பதில் எழுந்த சண்டை. 2023 ஜூலை 7 அன்று அரசு கவிழ்ந்தது. இம்முறை மூன்றே நாளில், தேர்தலில் நிற்கமாட்டேன் என்றார். நவம்பரில் வில்டர்ஸின் கட்சி 37 இடங்களோடு முதலிடம் பிடித்தது. தனிக் கட்சி தொடங்கிய ஓம்ட்ஸிக்டுக்கு 20 இடங்கள் கிடைத்தன. இரண்டே ஆண்டுகளில் அவர் அரசியலைவிட்டே போய்விட்டார். 2025 அக்டோபர் தேர்தலில் அவருடைய கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. ருட்டே 2024 அக்டோபரிலிருந்து நேட்டோவின் பொதுச் செயலாளர். நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது, 'வேறிடத்தில் பதவி' கிடைத்தது அவருக்குத்தான்.

ருட்டேக்கு ஒரு வரவும் வைக்க வேண்டும். மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 196 நெதர்லாந்துக்காரர்கள் இறந்தபோது அவர் அந்தக் குடும்பங்களோடு நின்ற விதம், 2022 டிசம்பரில் அடிமை முறைக்காக அரசின் சார்பில் கேட்ட மன்னிப்பு, இவை நடிப்பல்ல. தி ஹேக்கில் ஒரு பள்ளியில் வாரம் ஒருமுறை போய்ப் பாடம் நடத்திவந்தார், பிரதமரான பிறகும் விடவில்லை. தனி மனிதராக அவர்மேல் கோபப்படுவது கடினம். கட்சிக்குள்ளும் வெளியேயும் அவரிடம் தோற்றவர்கள்கூட அவரோடு சிரித்துப் பேசியபடியே தோற்றார்கள்.

2021 அக்டோபரில் அந்நாட்டுப் புள்ளியியல் துறை ஓர் எண்ணை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் 2015 முதல் 2020 வரை 1,115 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்க்கப்பட்டிருந்தார்கள். எத்தனை பேர் இந்தக் கடனால்தான் பிரிந்தார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லாது. சட்ட ஆலோசகராக 2017-இல் குறிப்பெழுதிப் புறக்கணிக்கப்பட்ட சான்ட்ரா பால்மென், 2024 டிசம்பரில் ஓம்ட்ஸிக்டின் கட்சி சார்பில் இணை அமைச்சரானார். அவருக்குக் கொடுத்த துறை, பாதிக்கப்பட்ட பெற்றோருக்கான இழப்பீட்டுப் பணிகள். அவர் பொறுப்பேற்றபோது வரிசையில் இன்னும் ஆயிரக்கணக்கான கோப்புகள் காத்திருந்தன.